சிட்டம்மாளின் நூறு ‘ஆமாங்க’

சிட்டம்மாளின் வேலைக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. ‘அனுபவ வழிகாட்டி’. கழுத்தில் தொங்கும் அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அதே வயலில் நாற்று நட்டாள், அப்போது அவளுக்குக் கூலியாள் என்று பெயர். இப்போது சென்னையிலிருந்து கார் ஏறி வருகிறவர்கள் நடுகிறார்கள், அவள் வரப்பில் நின்று “பின்னாடி போங்க, பின்னாடி போங்க” என்று கத்துகிறாள். நட்டதைவிடக் கத்துவதற்குச் சம்பளம் அதிகம்.

இதை எழுதுகிற நான் அவள் தெருக்காரன், பாண்டியன். தெரு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பண்ணையின் தெற்கு வேலியை ஒட்டிப் பதினோரு வீடு, ஒரு அடிபம்பு, அவ்வளவுதான். வாரத்தில் ஐந்து நாள் உத்திரமேரூரில் பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறேன். சுற்றுவட்டாரத்து நிலமெல்லாம் என் விரல் வழியாகத்தான் கைமாறுகிறது. நான் குடியிருக்கிற வீட்டுக்கு மட்டும் பத்திரம் கிடையாது. சனிக்கிழமையானால் பண்ணைக்குப் போய் டிராக்டர் ஓட்டுகிறேன். விருந்தாளிகளை டிரெய்லரில் உட்கார வைத்து மாட்டுக்கொட்டகை, மாந்தோப்பு, பழைய களஞ்சியம், ஆறு என்று ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும்.

ஆறு என்றால் பாலாறு. பண்ணை வாசலில் ‘வேர்மடி: ஆற்றங்கரைப் பாரம்பரியப் பண்ணை, 1874’ என்று கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல் புதுசு, போன வருஷம்தான் லாரியில் வந்து இறங்கியது. ஆற்றில் வருஷத்துக்குப் பதினைந்து நாள் தண்ணீர் ஓடினால் அதிகம். அந்தப் பதினைந்து நாளை நம்பி ஆரஞ்சு நிறத்தில் நான்கு துடுப்புப் படகு வாங்கிப் போட்டார்கள். மீதி நாளெல்லாம் அவை மணலில் கிடக்கின்றன. விருந்தாளிகள் அதில் ஏறி உட்கார்ந்து துடுப்பைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படத்தில் மணல் தெரியாமல் எடுக்க ஒரு கோணம் இருக்கிறது, அதையும் நானே சொல்லிக் கொடுக்கிறேன்.

பண்ணைக்காரர் பெயர் வேதகிரி. அவர் தாத்தா பெயரும் வேதகிரிதான், ஊரில் பெரியய்யா என்பார்கள். பேரன் பெங்களூரில் கம்பெனி வேலை பார்த்துச் சலித்துப்போய், மண்ணைத் தேடி மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தார். மண் எங்கேயும் ஓடிவிடவில்லை, அவர்கள் பெயரிலேயே நாற்பது ஏக்கர் பத்திரமாக இருந்தது. “என்னை சார்னு கூப்பிடாதீங்க, வேத்னு கூப்பிடுங்க. இங்க முதலாளி தொழிலாளி கிடையாது, எல்லாரும் ஒரே குடும்பம்” என்றார் முதல் நாள். குடும்பம் என்றால் பாகம் கேட்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும். சிட்டம்மாளை அவர் ஆன்ட்டி என்பார். பெரியய்யா அவளை ‘ஏய் புள்ள’ என்பார். அறுபது வருஷத்தில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த முன்னேற்றம் இது ஒன்றுதான்.

அந்த நடவு வயலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்று நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். அப்போதுதான் நட்டது காலில் மிதிபடாது. விருந்தாளிகள் வாழ்க்கையில் எப்போதும் முன்னேறியே பழகியவர்கள், வயலிலும் முன்னால்தான் போவார்கள். நட்டதை அவர்களே மிதித்து, மிதித்ததில் வழுக்கி விழுந்து, சேற்றோடு எழுந்து சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வண்டி கிளம்பியதும் சிட்டம்மாள் அந்த நாற்றையெல்லாம் பிடுங்கிப் போட்டு, சேற்றைச் சமப்படுத்தி வைப்பாள். அடுத்த சனிக்கிழமை புது நாற்று, புது விருந்தாளிகள். இரண்டு வருஷமாக அந்த வயலில் ஒரு கதிர் விளைந்ததில்லை. ‘எங்கள் வயல் அரிசி’ என்று அவர்களுக்குப் போடுகிற சோறு வாலாஜாபாத் மில் அரிசி.

நடவு முடிந்ததும் கூழ். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு விருந்தாளிகள் வரிசையாக மண்ணில் உட்கார வேண்டும், சிட்டம்மாள் உயரத்திலிருந்து ஊற்றுவாள். ‘உழவரின் உணவு மரபு’ என்று பட்டியலில் போட்டிருக்கிறது. பெரியய்யா காலத்தில் எங்கள் ஆட்களுக்கு அப்படி ஊற்றியதன் காரணம் மரபு அல்ல. பாத்திரத்தைக் கொடுத்தால் தீட்டு, கிட்டே வந்து ஊற்றினாலும் தீட்டு. இப்போது அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். குடிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு “எவ்ளோ கனெக்டடா இருக்கு” என்கிறார்கள்.

சிட்டம்மாள் பிறந்தது இந்தப் பதினோரு வீட்டில் ஒன்றில். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. கொத்து வேலைக்குப் போகிற ஏசுதாஸ் அண்ணனைக் கட்டிக்கொண்டாள். கோயிலில் பாதிரியார் அவளுக்கு ஸ்டெல்லா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரைச் சொல்லி இன்றுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. ஒரே மகள் ஏஞ்சல், பி.காம். முடித்துவிட்டு வாலாஜாபாத்தில் இனாயத்துல்லா பாய் கடையில் பில் போடுகிறாள். ஊருக்கெல்லாம் சுவர் எழுப்புகிற ஏசுதாஸ் அண்ணனின் வீட்டுப் பின்சுவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் பெய்த மழையில் விழுந்தது. அரசாங்க வீட்டுத் திட்டத்தில் எழுதிப் போட்டார்கள். வந்து பார்த்தவர் பட்டா கேட்டார். இல்லை என்றதும் ஃபைலை மூடிக்கொண்டு போய்விட்டார். விழுந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். மழை வந்தால் ராத்திரியில் மூன்று பேரும் ஒரே மூலையில் ஒடுங்குவார்கள்.

அந்த நீலத் தார்ப்பாய் விருந்தாளிகளின் படத்தில் விழுகிறது என்று வேத் ரொம்ப வருத்தப்பட்டார். சிட்டம்மாள் அவரிடம் பட்டா கேட்டாள். அவர் உடனே ஆள் அனுப்பி, தார்ப்பாயின் மேல் தென்னங்கீற்றால் அழகாக ஒரு மறைப்பு கட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமைச் சுற்றில் என் டிராக்டர் கடைசியாக நிற்கிற இடம் எங்கள் தெரு முனை, சிட்டம்மாள் வீட்டு வாசல். அந்த நேரத்துக்கு அவள் வெளியே வந்து நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. வேத் டிரெய்லரில் எழுந்து நின்று கையை நீட்டிச் சொல்வார்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டுல, சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாதப்போ, எங்க தாத்தா பண்ணை ஆட்களுக்கு இந்த இடத்தைத் தானமா குடுத்தார். மூணு தலைமுறையா சொந்த வீட்டுல இருக்காங்க. இல்லையா ஆன்ட்டி?”

“ஆமாங்க” என்பாள் சிட்டம்மாள்.

விருந்தாளிகள் நெஞ்சில் கை வைப்பார்கள். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். நான் கியரைப் போடுவேன்.

நடந்தது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தூரத்திலிருந்து வருகிற ஆட்கள் வேலைக்கு நேரமாக்குகிறார்கள் என்று பெரியய்யா சிட்டம்மாளின் அப்பாவிடம் வேலியோரத்தைக் காட்டி, “கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் குடிசை போடு” என்றார். தானமும் இல்லை, எழுத்தும் இல்லை. ஒருநாள் டிராக்டரை ஷெட்டில் விட்டுவிட்டு அவளிடமே கேட்டேன்.

“இன்னாக்கா, வாராவாரம் அந்தப் பொய்க்கு ஆமாம் போட்டுக்கினு கீற.”

“பட்டா எயுதித் தரேன்னு சொல்லிக்கீறாரு நைனா. அடுத்த மாசமாம். அதுவரைக்கும் ஆமான்னு சொன்னா வாய் தேஞ்சா பூடும்.”

“எந்த வருசத்து அடுத்த மாசம்?”

“நீ உன் வண்டிய ஓட்டு.”

இப்படி ஒரு நூறு சனிக்கிழமை போயிருக்கும். அதற்கப்புறம்தான் வேத்துக்குக் குடவோலை ஞாபகம் வந்தது.

உத்திரமேரூர்க்காரர்களுக்குக் குடவோலை என்றால் தனிப் பெருமை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பானையில் ஓலை போட்டுக் குலுக்கி ஆள் தேர்ந்தெடுத்தோம் என்று கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் மேடையேறுகிறவர்கள் வரை அதைச் சொல்லாதவர் கிடையாது. யாருடைய பெயரைப் பானையில் போடலாம் என்பதும் அதே சுவரில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் எல்லோருக்கும் தொண்டை கமறும்.

அன்றைக்கு வந்தது ஏதோ மென்பொருள் கம்பெனியின் நாற்பத்திரண்டு பேர், தலைமைப் பண்பு பயில வந்தவர்கள். காலையில் கல்வெட்டைக் காட்டி, டிராக்டர் சுற்றும் முடித்து, மத்தியானம் மாந்தோப்பில் பானை வைத்தார்கள். வேர்மடிக்கு ஒரு வருஷத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தலைவர் படம் அலுவலகத்தில் மாட்டப்படும். ஆளுக்கு ஓர் ஓலை, அதில் ஒரு பெயர் எழுதிப் பானையில் போட வேண்டும். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற வேலை சிட்டம்மாளுக்கு.

வேத் விதிகளை வாசித்தார். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். வரி கட்டுகிற கால் வேலி நிலம், அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். சொந்த மனையில் சொந்த வீடு. வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவரே சிரித்துக்கொண்டு தள்ளுபடி செய்தார். நிலத்தையும் தள்ளினார். “ஆனா சொந்த மனை ரூலை மட்டும் வெச்சுக்கலாம். அப்பதான் ஆத்தென்டிக்கா இருக்கும்” என்றார்.

உடனே விருந்தாளிகளுக்குள் சண்டை வந்தது. கடன் தவணை முடியாத ஃபிளாட் சொந்த மனையா, இல்லையா? ஃபிளாட்டில் தரை யாருடையது? அப்பா பெயரில் இருந்தால் சேருமா? இருபது நிமிஷம் இதே பேச்சு. நாற்று நடும்போது வராத வேர்வை அவர்களுக்கு அப்போது வந்தது.

அதற்குள் அஃப்ரின் என்கிற ஒரு பெண் எழுந்தாள். சென்னைக்காரி, காலையில் வயலில் பின்னால் நகர்ந்து நட்ட ஒரே ஆள் அவள்தான். “என் ஓலையில ஆன்ட்டி பேரை எழுதியிருக்கேன். இந்த இடத்தைப் பத்தி எங்களைவிட அவங்களுக்குத்தானே தெரியும்” என்றாள்.

வேத் சிரித்தார். “ஸ்வீட். ஆனா ரூல் இருக்கே. சொந்த மனை.”

“அவங்களுக்கு இருக்கே. உங்க தாத்தா குடுத்ததா காலையில நீங்கதானே சொன்னீங்க.”

இருக்கிறது என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லை என்றால் காலையில் சொன்னது பொய். நூறு சனிக்கிழமை அவரைக் காப்பாற்றியது எதுவோ அதைத்தான் அவர் அப்போதும் தேடினார். “ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்களேன்” என்றார்.

சிட்டம்மாள் பானையைக் கீழே வைத்தாள்.

“இல்லீங்கம்மா. இவங்க தாத்தா எங்கப்பன இங்க குந்துன்னு காட்டனாரு, எயுதிக் குடுக்கல. இவரும் ரெண்டு வருசமா அடுத்த மாசம் அடுத்த மாசம்னு சொல்லிக்கினு கீறாரு. என் வூட்டுப் பின்செவுரு வுயுந்து மூணு வருசம் ஆவுது. பட்டா இல்லன்னு சர்க்காரு வூடும் வரல. நான் இத்தினி நாளா ஆமாங்கன்னு சொன்னதெல்லாம் பொய்ங்க. வூடு வரும்னு சொன்னேன்.”

ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் “ரொம்ப ‘ரா’வா, பச்சையா இருக்குல்ல” என்றார். ஏழெட்டு பேர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். “ஆன்ட்டி கொஞ்சம் எமோஷனலா இருக்காங்க” என்று வேத் குலுக்கலை நடத்தி முடித்தார். ஒரகடத்தில் மனை வாங்கிப் போட்டிருந்த ஒரு மேலாளர் தலைவரானார். எல்லோரும் கை தட்டினார்கள்.

“எப்டிக்கா அன்னிக்கு மட்டும் வாய் வந்துச்சி?” என்று அப்புறம் கேட்டேன்.

“சொந்த மனை இல்லாதவன் பேரு பானைக்குள்ளயே போவக் கூடாதுன்னு படிச்சாரு பாரு. அந்தப் பானைய நான் இடுப்புல வெச்சிக்கினு நிக்கறேன். வயிறு எரிஞ்சிது நைனா.”

மறுநாள் பண்ணை மேனேஜர் கலைச்செல்வன் போன் செய்து, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் தெரு அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. கீற்று மறைப்பைப் பிடுங்கியது போல நாளைக்கு வீட்டையும் பிடுங்கினால் என்ன செய்வது என்று பயந்து, பதினோரு வீட்டில் பத்து வீடு அவளைத் திட்டியது. மறைப்பை அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எனக்கு என் டிராக்டர் வேலை பயம். “கம்முனு இருந்திருந்தா இன்னா கெட்டுப் பூட்ச்சி” என்று நானும் கேட்டேன். ஏசுதாஸ் அண்ணன் மட்டும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் மிச்சமான செங்கல்லைச் சைக்கிளில் நாலு நாலாகக் கொண்டுவந்து அடுக்க ஆரம்பித்தார்.

சிட்டம்மாளுக்குப் பதிலாகச் சென்னையிலிருந்து ஒரு நடிப்புப் பயிற்சிப் பெண்ணை அழைத்து வந்தார்கள். கண்டாங்கிச் சேலையெல்லாம் கச்சிதமாகக் கட்டியிருந்தாள். வயலில் இறங்கி அவளும் முன்னால் நடந்தாள். அதற்குள் அஃப்ரின் தான் எடுத்த வீடியோவை இணையத்தில் போட்டுவிட்டிருந்தாள். அடுத்து வர இருந்த இரண்டு கூட்டம், அந்த ஆன்ட்டி இருக்கிறார்களா, அவர்களுக்கு வீடு எழுதிக் கொடுத்தாயிற்றா என்று போனில் கேட்டார்கள். மூன்றாவது கூட்டம் கேட்கவே இல்லை, ரத்து செய்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை வேத் எங்கள் தெருவுக்குள் வந்தார். பெரியய்யா குடும்பத்தில் ஒருவர் அந்தத் தெருவில் காலை வைத்தது எனக்கு விவரம் தெரிந்து அதுதான் முதல் தடவை. என் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைத்தான் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

“ஆன்ட்டி, உங்க வீட்டை மட்டும் இப்ப எழுதித் தந்துடறேன். மத்தவங்களுக்கு அப்புறம் பாத்துக்கலாம். நீங்க சனிக்கிழமையிலேருந்து பழையபடி வந்துடுங்க. அதே மாதிரி.”

“பழையபடின்னா?”

“அதான் ஆன்ட்டி. நான் கேப்பேன், நீங்க சொல்வீங்களே.”

சிட்டம்மாள் அடுக்கிவைத்த செங்கல்லைப் பார்த்தாள். “செரிங்க” என்றாள்.

சன்னல் இல்லாத சுவர்களில் காதுக்குப் பஞ்சமில்லை. அன்று சாயங்காலம் அடிபம்பில் எங்கள் தெருச் சொக்கம்மாள் அவளைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டாள், தெருவைக் கை கழுவிவிட்டாள் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசியவர்களில் நானும் ஒருவன். மறைக்க என்ன இருக்கிறது.

புதன்கிழமை உத்திரமேரூரில் எங்கள் பத்திரக் கடைக்கே இருவரும் வந்தார்கள். தானப் பத்திரம், இரண்டரை சென்ட். நான்தான் டைப் அடித்தேன். அடுத்தது நான்கு எல்லை. ‘மேற்கே, மேற்படி வேதகிரிக்குப் பாத்தியமான, பாண்டியன் குடியிருந்து வரும் மனை’ என்று அடிக்க வேண்டியிருந்தது. என் வீட்டை நானே இன்னொருவன் பெயரில் ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். ‘குடியிருந்து வரும்’ என்பதில் எழுத்துப் பிழைகூட விடவில்லை.

“படிச்சிக் காட்டு” என்றாள் சிட்டம்மாள். படித்தேன். “மேற்க இன்னா போட்டுக்கீது, இன்னொரு தபா படி.” மறுபடி படித்தேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, அவள் வேண்டுமென்றே கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் போய், சார்பதிவாளர் முன்னால் முழுப் பெயரையும் மெதுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை முப்பது பேர், ஏதோ யோகா கூட்டம், எல்லோரும் வெள்ளை உடுப்பு. மாட்டுக்கொட்டகை, களஞ்சியம், மணலில் படகு எல்லாம் காட்டி முடித்துத் தெரு முனைக்கு வந்தேன். சிட்டம்மாள் வாசலில் நின்றிருந்தாள். என்ஜின் உறுமிக்கொண்டிருக்க, வேத் எழுந்து நின்று பழைய பேச்சைப் புது உற்சாகத்தோடு பேசினார்.

“...எங்க பண்ணை ஆட்களுக்குத் தானமா குடுத்த இடம். இல்லையா ஆன்ட்டி?”

“ஆமாங்க” என்றாள்.

வேத் முகத்தில் ஒரு நிம்மதி. நான் கியரில் கை வைத்தேன். அவள் பத்திரத்தின் ஜெராக்ஸைத் தூக்கிக் காட்டினாள்.

“எனக்குக் குடுத்துட்டாருங்க. இந்தப் புதன்கெயமதான். பாக்கி பத்து வூடு கீது, அதுங்களுக்கு இன்னும் குடுக்கல. இத்தோ இது சொக்கம்மா வூடு. புருசன் இல்ல. அது செங்கேணி வூடு, கூரை ஒயுவுது. இந்தப் பக்கத்து வூடு, வண்டி ஓட்டிக்கினு கீதே, அந்தப் புள்ளையிது. ஊருக்கெல்லாம் பத்திரம் அடிக்குது, அதுக்கும் இல்ல.”

முப்பது வெள்ளைச் சட்டையும் திரும்பி என்னைப் பார்த்தன.

“ஆன்ட்டி, இதை அப்புறம் பேசலாம். உள்ள வாங்க” என்றார் வேத்.

“நான் எங்கியும் வரல தம்பி. நீங்க வேலய வுட்டு நிறுத்தனாலும் சனிக்கெயம இங்கதான் நிப்பேன். இது என் வாசலு.”

வேத் குனிந்து, விருந்தாளிகளுக்குக் கேட்காத குரலில் என்னிடம், “பாண்டியன், வண்டியை எடுங்க” என்றார்.

டிராக்டர் சத்தத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவள் சொன்னது பாதி கேட்டிருக்காது. நான் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன்.

“செங்கேணி வூடு சொன்னேனா?” என்று கேட்டுவிட்டு, சிட்டக்கா அடுத்த வீட்டைக் காட்டினாள்.